ஜாகா (காவல்கார) வேலைக்கு எதுக்கு மாமா செம்பனை வெட்டுக்காரர் சாப்பாடு?

மாமாவுக்கு வணக்கம்.

அத்தை போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. கிளினிக்ல மிஸ்ஸி (நர்ஸ்) உங்க பிரஷரை எடுத்தப்போ 168க்கு 96 இருந்துச்சாம். "சமையல்ல உப்பையே குறைச்சாச்சு, இதுக்கு மேல என்ன செய்யச் சொல்றீங்க"ன்னு அந்த மிஸ்ஸிகிட்டயே சத்தம் போட்டீங்களாம். இதைப் பொதுவுல எழுதுறேன்னு கோவிச்சுக்காதீங்க. நம்ம பத்தாங் பெர்ஜுந்தையில (இப்ப பேரு பெஸ்தாரி ஜெயா) தாமானுக்குத் தாமான், அதாவது குடியிருப்புக்குக் குடியிருப்பு, உங்களை மாதிரி ஒரு மாமா இருக்கார்.

அத்தை குறைச்சது ஜாடியில இருக்கிற உப்பு. உங்க உடம்புக்குள்ள போறது வேற வழியா போய்க்கிட்டுதான் இருக்கு. காலையில ஒட்டுக்கடையில ரொட்டி சானாய், அதுக்கு ரெண்டு தடவை குழம்பு. இல்லேன்னா நாசி லெமாக், சம்பல் கூடுதலா. மத்தியானம் அத்தை சோறு, ஓரத்துல கருவாடு, ஊறுகாய், அப்பளம். ராத்திரி ஜாகா கொட்டகையில பசிச்சா ஒரு மேகி, மேல கொஞ்சம் கிச்சாப் (சோயா சாஸ்). இதுல எதையும் நீங்க "உப்பு"ன்னு நினைக்கிறதே இல்ல.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ, அதாவது தலை தட்டின ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அதுல சமைக்கிறது, கடையில வாங்குறது, தொட்டுக்கிறது எல்லாம் சேர்த்தி. 2017-18இல் நம்ம மலேசியாவுல பெரியவங்ககிட்ட ஆய்வு பண்ணிப் பார்த்தப்போ சராசரி 7.9 கிராம் வந்துச்சு. உப்புக் கரிக்கிற கிச்சாப் ஒரு மேசைக்கரண்டி ஊத்தினாலே ஏறக்குறைய 2 கிராம் போயிடும். மேகி மாதிரி பாக்கெட் மீல பெரும்பாலும் 1000 மில்லிகிராம் சோடியத்துக்கு மேல இருக்கும், அது இரண்டரை கிராம் உப்புக்குச் சமம். ஆக அந்த ராத்திரிப் பசியிலேயே ஏறக்குறைய ஒரு நாள் கணக்கு முடிஞ்சிடுது.

"அந்தக் காலத்துல கருவாடும் கஞ்சியும் தின்னுதானே குலை வெட்டினோம், அப்ப வராத பிரஷரா"ன்னு கேப்பீங்க. அப்ப வெயில்ல நீண்ட கம்பு அரிவாளைத் தூக்கி அண்ணாந்து பார்த்து வெட்டி, இருபது கிலோ குலையைத் தள்ளுவண்டியில ஏத்தி இறக்கினீங்க. சட்டை காயும்போது முதுகுல வெள்ளையா உப்புப் பூத்துக் கிடக்கும். உள்ள போனதுல ஒரு பங்கு வேர்வையில வெளியேறிடும். இப்ப நாற்காலியில உட்கார்ந்து கேட்டைத் திறந்து விடுறீங்க. வேலை மாறிப்போச்சு, தட்டு மட்டும் மாறல. எஞ்சின உப்பு தண்ணியைப் பிடிச்சு வைக்கும், ரத்தத்தோட அளவு கூடும், குழாய்ச் சுவர் மேல அழுத்தம் ஏறும். வயசானா அந்தக் குழாயும் விறைச்சுப் போகும். அப்ப வராதது இப்ப வர்றது இதனாலயும்தான். அதோட, அப்ப யாரு எடுத்துப் பார்த்தா?

நாட்டிலேயே முதன்முதலா, 1917இல், வியாபாரத்துக்குச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் நம்ம டவுன் பக்கம்தான். அதனாலயோ என்னவோ எந்த நோய் வந்தாலும் எண்ணெய் மேல பழி போட்டுட்டு நாம நிம்மதியா இருந்துக்குறோம். எண்ணெயைக் குறைங்க, உடம்பு இளைக்கும். ஒரு கிலோ குறைஞ்சா பிரஷர் சுமாரா ஒரு புள்ளி இறங்கும்னு கணக்குச் சொல்றாங்க. ஆனா எண்ணெயைக் குறைச்ச கையோட கிச்சாப்பை ஊத்தினா அது இறங்காது.

அத்தைக்கு நான் சொன்னது இவ்வளவுதான். கருவாட்டை அடியோட நிறுத்த வேணாம், நிறுத்தினா நீங்க கடையில போய்த் தின்னுவீங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் போடட்டும். ராத்திரியே தண்ணியில ஊறப்போட்டு, தண்ணியை மாத்தி, கழுவிட்டுச் சமைக்கட்டும், அந்தக் குழம்புல தனியா உப்பு வேணாம். புளி, மிளகு, எலுமிச்சை, வதக்கின பூண்டு கொஞ்சம் தூக்கலா இருந்தா நாக்கு தேடாது. ரெண்டு மூணு வாரத்துல நாக்கு பழகிடும், அப்புறம் கடைக் குழம்பே உங்களுக்குக் கரிக்கும். முருங்கைக்கீரை, பயறு, வாழைப்பழம், கொழுப்பு எடுத்த தயிர் கூடட்டும். 1997இல் அமெரிக்காவில் டேஷ்ங்கிற சாப்பாட்டு முறையைச் சோதிச்சப்போ, காய், பழம், கொழுப்பு குறைஞ்ச பால் கூட்டினதுலயே பிரஷர் உள்ளவங்களுக்கு மேல் எண் சுமார் 11 இறங்குச்சு. கடையில "ஆரோக்கிய உப்பு"ன்னு விக்கிற பொட்டாசியம் உப்பை மட்டும் டாக்டரைக் கேக்காம வாங்காதீங்க. கிட்னி பலவீனமா இருந்தாலும், சில பிரஷர் மாத்திரையோடயும் அது ஆபத்து.

மாத்திரையைப் பத்தி இப்ப கொஞ்சம் காரமாவே சொல்றேன். அம்லோடிபின் சாப்பிட்டா கணுக்கால் வீங்குதுன்னு நீங்களாவே நிறுத்தினது தப்பு மாமா. அந்த வீக்கம் தெரிஞ்ச பக்கவிளைவு, சொன்னா அளவைக் குறைப்பாங்க, இல்லேன்னா வேற மருந்து மாத்துவாங்க. அரசாங்கக் கிளினிக்ல ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கிறதை விட்டுட்டு மிசாய் கூசிங்ங்கிற மூலிகை டீயை நம்பிக்கிட்டு இருக்கீங்க. குடிக்கணும்னா குடிங்க, ஆனா குடிக்கிறதை டாக்டர்கிட்ட சொல்லுங்க. தலைவலி இல்ல, மயக்கம் இல்ல, அதனால பிரஷர் இல்லைங்கிறது செல்லாது. பக்கவாதமோ கிட்னியோ தட்டுற வரைக்கும் அது சத்தம் காட்டாம இருக்கும். முட்டி வலிக்குப் போடுற மாத்திரைகள்ல சிலதும் பிரஷரை ஏத்தும், அந்த அட்டையையும் எடுத்துட்டுப் போங்க.

தம்பி வாங்கிக் கொடுத்த மிஷின்ல பார்க்கிற விதமும் சரியில்ல. மோட்டார்ல வந்து இறங்கி, கையில சிகரெட்டோட, சட்டைக் கை மேலயே பட்டையைச் சுத்தி, அத்தைகிட்ட பேசிக்கிட்டே அழுத்தினா எது காட்டினாலும் நம்பாதீங்க. கோப்பி, சிகரெட் இல்லாம அரை மணி நேரம். ஒண்ணுக்குப் போயிட்டு வந்து, முதுகு சாய்ச்சு, கால் ரெண்டும் தரையில ஊனி, அஞ்சு நிமிஷம் சும்மா உட்காருங்க. வெறுங்கையில பட்டை, கை நெஞ்சு உயரத்துல மேசை மேல. காலையில ரெண்டு தடவை, சாயங்காலம் ரெண்டு தடவை, ஒரு வாரம் எழுதி வைங்க. வீட்டுல எடுக்கிறப்போ சராசரி 135க்கு 85ஐத் தொட்டாலே கூடுதல்னு கணக்கு.

நடைக்குச் சாக்கு சொல்லாதீங்க, வேலி ஓரமா ஒரு சுத்து ரோந்து போனாலே ஆச்சு. பீரைப் பத்தி அத்தை பேசுவாங்க. குறட்டை மட்டும் நான் சொல்றேன். தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு திணறி எழுந்திருக்கீங்கன்னு அத்தை பயப்படுறாங்க. அதுவும் பிரஷரை ஏத்துற வியாதிதான். உங்களுக்குத் தெரியாது, தூங்குறீங்க. அதனால அடுத்த தடவை கிளினிக்குக்கு அத்தையையும் கூட்டிட்டுப் போங்க, அதை அவங்கதான் டாக்டர்கிட்ட சொல்லணும்.

உங்கள் மருமகள்