மணிக்கூண்டில் 14 பெயர்கள் வேண்டும்

வேலூர் மாநகராட்சி மாமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். லாங்கு பஜார் மணிக்கூண்டு பற்றி ஒரு வேண்டுகோள்.

போன வாரம் முள்ளு கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு மணிக்கூண்டின் நிழலில் ஒதுங்கினேன். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கல்வெட்டைக் காட்டி, "இதுல இன்னா சார் எழுதிக்கீது? நாப்பது வருசமா பாக்கறேன்" என்றார். ஆங்கிலத்தில் இருந்ததைச் சொன்னேன்: 1914-18 பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள். "பேர் போடலையா?" என்று கேட்டார். போடவில்லை.

பழைய வடஆற்காடு நடுகற்களின் பூமி. செங்கம் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளை மீட்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்திக்கு எடுத்த கல். அதில் அவன் நாயின் பெயரும் இருக்கிறது: கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற நாய் அது. 1400 வருடமாக அந்தப் பெயர் அழியவில்லை. கடல் தாண்டிப் போய் உயிர்விட்ட நம் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் ஏன் வெறும் எண்ணிக்கையாக நிற்க வேண்டும்?

பெயர்களைத் தேட வழி இருக்கிறது. பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடுகளில் அந்தப் போரில் மாண்ட இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் உள்ளன. பலருக்கு ஊரும் குறித்திருக்கிறார்கள். பழைய கல்லைத் தொடவே வேண்டாம். கிடைக்கிற பெயர்களைத் தமிழில் வெட்டி, பக்கத்திலேயே வையுங்கள். பதினான்கும் கிடைக்கவில்லையா, சரி, கிடைத்த வரைக்கும் போடுவோம்.

இன்னொன்றும் கேட்கிறேன். நடுகல்லை நீராட்டுவது நம் வழக்கம், தொல்காப்பியம் அதை நீர்ப்படை என்கிறது. அதை நினைத்து, அந்த இடத்தில் ஒரு குடிநீர்க் குழாயும் வையுங்கள். நல்ல பித்தளைக் குழாயாக, கீழே தண்ணீர் தேங்காமல் ஓடக் கல் தொட்டியோடு. வேலூர் சித்திரை வெயில் உங்களுக்கும் தெரியும். அந்தப் பெரியவர் அன்றைக்குத் தண்ணீர் கேட்டுக் கடை கடையாகப் போனார். பார்க்கவே பொறுக்கவில்லை.

பதிவேடுகளைப் புரட்ட ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் தினமும் வருகிறேன்.

இப்படிக்கு,
சைதாப்பேட்டைவாசி ஒருவர்,
வேலூர்