நோன்பு நாட்களில் எங்களைப் படிக்க வைத்தவர்களுக்கு நன்றி

திருவல்லிக்கேணியில் எங்களைத் தாங்கிப் பிடித்த எல்லோருக்கும், வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

கணிதத்தில் முதுகலை முடித்துவிட்டேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் பக்கம் போன முதல் ஆள் நான். அத்தாவுக்கு (அப்பாவுக்கு) ராமநாதபுரம் மாவட்டத் தொண்டியில் சின்னத் தையல் கடை. சான்றிதழை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "உதவி செஞ்சவங்களுக்கெல்லாம் சொல்லிட்டியாப்பா?" சிலருக்குப் போனில் சொன்னேன். சிலருடைய நம்பர் என்னிடம் இல்லை. ஓரிருவரின் பெயரே எனக்குத் தெரியாது. அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது இது நாம்தான் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

2021 முதல் 2024 வரை சென்னையில் ஓர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்தேன். ஹிஜ்ரி என்ற இஸ்லாமியப் பிறை ஆண்டுக்குச் சுமார் 354 நாள் என்பதால் ரமலான் ஒவ்வொரு வருடமும் சுமார் 11 நாள் முன்னால் வரும். 2022இல் ஏப்ரல் முழுக்க நோன்பு, 2023இல் மார்ச் 24இல் தொடக்கம், 2024இல் மார்ச் 12. ஆக, மூன்று வருடமும் இன்டர்னல், மாதிரித் தேர்வு, ரெக்கார்டு நோட்டு, சென்னை வெயில் எல்லாம் நோன்போடு சேர்ந்தே வந்தன. விடிகாலை ஐந்து மணிக்குள் சஹர் சாப்பாட்டை முடிக்க வேண்டும். நோன்பு திறக்க மாலை ஆறேகாலைத் தாண்டிவிடும். அதுவரை தண்ணீர்கூடக் கிடையாது. பசி இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். மதியம் இரண்டு மணிக்கு மேல் வரும் அசதிதான் பெரும்பாடு. கண் புத்தகத்தில் இருக்கும், ஒன்றும் மண்டையில் ஏறாது. நோன்பை நாங்கள் விரும்பித்தான் வைக்கிறோம், அதைச் சுமை என்று நினைத்ததே இல்லை. ஆனால் கால அட்டவணை போடுகிறவர்கள் அதையெல்லாம் பார்த்துப் போடுவதில்லை. யாராவது ஒருவர் தன் நேரத்தை மாற்றிக்கொண்டால்தான் உண்டு. அப்படி மாற்றிக்கொண்டவர்கள்தான் நீங்கள்.

முதலில் அனாலிசிஸ் என்ற கணிதப் பாடம் எடுத்த சாருக்கு. எங்கள் ஷிஃப்ட் மதியமே முடிந்துவிடும். அப்புறம் இரண்டரை மணிக்குத் தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்காகச் சிறப்பு வகுப்பு வைப்பீர்கள். நோன்பு தொடங்கிய மறுநாள் நீங்களாகவே, "நாளையிலிருந்து காலை ஏழு மணிக்கு. சஹர் சாப்பிட்டு, தொழுதுட்டுத் தூங்காம வந்துடுங்க" என்றீர்கள். நாங்கள் யாரும் உங்களிடம் கேட்கவில்லை. வகுப்பில் நோன்பு வைப்பவர்கள் நாலைந்து பேர்தான். அதற்காக நீங்கள் வேளச்சேரியிலிருந்து முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்து வந்தீர்கள். சாக்பீஸ் பிடிக்கும் கையில் இன்னும் திருநீறு வாசம் இருக்கும். மற்ற மாணவர்கள் முணுமுணுப்பார்கள் என்று பயந்தேன். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. வெயிலுக்கு முன்னால் படிப்பது அவர்களுக்கும் பிடித்துப்போய், நோன்பு முடிந்த பிறகும் வகுப்பு ஏழு மணிக்கே நடந்தது.

சார் நோட்டுத் திருத்தும் விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தவறான வரியை அடிக்க மாட்டார். சரியான வரிகளுக்குப் பக்கத்திலும் சிவப்பு மையில் "ஏன்?" என்று எழுதுவார். ஒரு தொடர்வரிசை ஒருங்குகிறது என்று நான் அரைப் பக்கம் நிரூபணம் எழுதினால், அதில் ஏழெட்டு "ஏன்?" இருக்கும். எப்சிலான் என்ற சின்ன எண்ணை முதலில் எடுத்தது ஏன், இன்னோர் எண்ணை அதற்கு அப்புறம் தேர்ந்தெடுத்தது ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் பதில் எழுதி மறுபடி கொடுக்க வேண்டும். ஆங்கிலம் வராவிட்டால் பதிலைத் தமிழில் எழுதச் சொல்வார். கணக்கு புரிந்திருக்கிறதா என்பதுதான் அவருக்கு முக்கியம். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

எம்டிடிஎஸ் (Mathematics Training and Talent Search) என்ற கணிதப் பயிற்சி பற்றி எனக்கு முதலில் சொன்னவரும் அவர்தான். இதை மாணவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அரசுக் கல்லூரிகளில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. பேராசிரியர் எஸ். குமரேசன் 1993இல் தொடங்கிய கோடைப் பயிற்சி இது. நாலு வாரம் நடக்கும். தேர்வாகிவிட்டால் தங்கும் இடம், சாப்பாடு இலவசம், ரயில் கட்டணமும் தருவார்கள். அங்கே ஆசிரியர் பாடம் நடத்திவிட்டுப் போக மாட்டார். கேள்வியாகக் கேட்டு, பலகைக்குக் கூப்பிட்டு, நம்மையே கண்டுபிடிக்க வைப்பார். 2023 நோன்பு முடிந்த கையோடு அதற்குப் போனேன். சார் எழுதிக் கொடுத்த பரிந்துரைக் கடிதம் இல்லாவிட்டால் எனக்கு இடம் கிடைத்திருக்காது. அங்கிருந்து திரும்பி வந்தபோதுதான் கணக்கையே வாழ்க்கையாக வைத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் வந்தது.

அடுத்தது மெஸ் அண்ணன். எனக்கு ஹாஸ்டலில் இடம் கிடைக்காமல் மேன்ஷனில் தங்கியிருந்தேன். முதல் வருட நோன்பில் இரவு வாங்கி வைத்த பரோட்டாவைத்தான் விடிகாலையில் ரப்பர் மாதிரி பிய்த்துத் தின்றோம். அதைக் கேள்விப்பட்ட அண்ணன், மறுநாள் மூன்று மணிக்கே வந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். அண்ணன் திருநெல்வேலிப் பக்கம், அம்மன் கோயில் கொடைக்கு வருடம் தவறாமல் ஊருக்குப் போகிறவர். "சூடா ரெண்டு வாய் சாப்பிட்டாத்தான்டே பொழுது வரை தாங்கும்" என்று சோறு, பருப்பு, தேங்காய்த் துவையல், கடைசியில் ஒரு தம்ளர் மோர். உப்பு அதிகம் போட மாட்டார், பகலில் தாகம் எடுக்கும் என்று. வழக்கமான சாப்பாட்டு விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. அந்த ஒரு மாதம் நீங்கள் எப்போது தூங்கினீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை அண்ணே, உங்களிடம் கேட்கவும் தோன்றவில்லை. இப்போது கேட்கிறேன்.

மாலையில் நோன்பு திறக்க வாலாஜா பெரிய பள்ளிவாசல். நவாப் குடும்பம் 1795இல் கட்டிய அந்தப் பள்ளியின் திறந்த வெளியில், யார் என்ன என்று பார்க்காமல் எல்லோரும் வரிசையாக உட்காருவோம். அங்கே நோன்பாளிகளுக்குச் சாப்பாடு கொண்டுவந்து பரிமாறுபவர்கள் மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பினர். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கி வைத்தது இது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. சைவச் சாப்பாடு, அவர்கள் இடத்திலேயே சமைத்து வண்டியில் வரும். தலையில் தொப்பி போட்டுக்கொண்டு, குனிந்து குனிந்து அவர்களே பரிமாறுவார்கள். ஊரை விட்டு வந்த மாணவனுக்கு அந்த ஒரு வேளைச் சாப்பாடு மிச்சம் பிடித்துக் கொடுத்த பணத்தில்தான் நான் பழைய புத்தகங்கள் வாங்கினேன். நோன்புக் கஞ்சி காய்ச்சப் பள்ளிவாசல்களுக்கு அரிசி கொடுக்கும் அரசுக்கும் இந்த இடத்தில் நன்றி சொல்கிறேன். கஞ்சி வாங்கப் பாத்திரத்தோடு நின்ற வரிசையில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

எங்கள் ஊர் இ-சேவை மையத்து அக்காவுக்கு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றதும், "உன்கிட்ட இருக்கிற சாதிச் சான்றிதழ் அங்க செல்லாது தம்பி" என்று நிறுத்தினீர்கள். தமிழ்நாட்டுச் சான்றிதழில் பி.சி. முஸ்லிம் என்று இருக்கும். மத்திய அரசின் 27 சதவீத இடஒதுக்கீட்டுக்கு ஓபிசி நான்-கிரீமிலேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி வரம்பைத் தாண்டாதவர்) சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். ராவுத்தர், மரைக்காயர் உட்பட லப்பைகள் மத்தியப் பட்டியலிலும் இருக்கிறார்கள். அது தெரியாமல் பொதுப் பிரிவில் விண்ணப்பித்து இடத்தை விட்ட பையன்கள் எத்தனையோ பேர். நீங்கள் மனுவைப் போட்டுவிட்டதோடு நிற்காமல், தாலுகா அலுவலகத்துக்கும் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த சீனியர் அக்காவுக்கு. 2024இல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் முதுகலை சேர்வதற்கான க்யூட் நுழைவுத் தேர்வு சரியாக நோன்புக்குள் வந்தது. 105 நிமிடத்தில் 75 கேள்வி, சரியான விடைக்கு நாலு மதிப்பெண், தவறானால் ஒன்று போய்விடும். நோன்பு இரவுகளில் தொழும் தராவீஹ் தொழுகை முடிந்து அறைக்கு வரவே பத்தாகிவிடும். நீங்கள் அதுவரை விழித்திருந்து, கூகுள் மீட்டில் பழைய வினாத்தாளைப் போட்டு டைமரை ஓடவிடுவீர்கள். "தெரியாததைத் தொடாதே, தாண்டிப் போ" என்று அலுக்காமல் சொல்வீர்கள். உங்கள் ஆய்வறிக்கை பாக்கி இருந்த சமயம் அது. நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, பிறகு வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது.

அந்தத் தேர்வு ஒரு நாளைக்கு மூன்று வேளையாக நடந்தது. கடைசி வேளை மாலை நாலரைக்குத் தொடங்கி ஆறேகாலுக்கு முடியும். நோன்பு திறக்கப் பாங்கு (தொழுகை அழைப்பு) சொல்லுவது கிட்டத்தட்ட அந்த நேரம்தான். என் அறைத்தோழனுக்கு அந்த வேளை விழுந்தது. புறநகரில் ஒரு மையம். பேரீச்சம்பழம்கூட உள்ளே கொண்டுபோக முடியாது என்பதால், நான் தூக்குவாளியில் கஞ்சியோடு கேட்டுக்கு வெளியே காத்திருந்தேன். அங்கிருந்த வயதான செக்யூரிட்டி ஐயா வாளியைப் பார்த்துவிட்டு, "நோன்பா தம்பி? பிள்ளை உள்ளே இருக்கானா?" என்று கேட்டு, தன் நாற்காலியைத் தள்ளி நிழலில் போட்டார். இருநூறு பேர் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, என்னிடம் பெயரைக் கேட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் போய் அவனை முன்னால் அழைத்து வந்துவிட்டார். குழாயைத் திறந்து கையும் முகமும் கழுவச் சொன்னார். பாங்கு கேட்ட நேரத்தில் என் நண்பன் வாயில் பேரீச்சம்பழம் இருந்தது. நாங்கள் நீட்டிய கஞ்சியில் ஒரு தம்ளர் வாங்கி நின்றபடியே குடித்தார். ஐயா, உங்கள் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டோம். இதை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது படித்துக் காட்டினால் நல்லது.

எங்கள் துறைத் தலைவருக்கும் ஒரு வார்த்தை. அந்த வருடம் ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தல், எல்லாக் கல்லூரியிலும் தேர்வுகளை முடிக்க அவசரம். மாதிரித் தேர்வு ஏப்ரல் 12 என்று போட்டிருந்தார்கள். நோன்புப் பெருநாள் 11ஆம் தேதி. பிறை கணக்கைச் சொல்லி நாங்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தை மேடம் முழுதாகப் படித்தார்கள். 15ஆம் தேதிக்கு மாற்றி, கையெழுத்துப் போட்டுவிட்டு, "அம்மா கையால சாப்பிட்டுட்டு வாங்க" என்றார்கள். சேது எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போனேன். மேடம், என் அம்மா உங்களுக்காக அன்றே துஆ (பிரார்த்தனை) செய்தார்கள்.

அப்படித்தான் ஹைதராபாத்தில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்தது. இனி பிஎச்.டி. சிறுபான்மை மாணவர்களுக்கு இருந்த மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை 2022இல் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியிருக்கக் கூடாது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு இப்போது தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்குவதுதான் முக்கியமான வழி. மாதம் 37,000 ரூபாய் வரும், அத்தாவின் தையல் மிஷினுக்கு ஓய்வு கொடுக்கலாம்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்னும் சில வருடங்களில் நோன்பு ஜனவரிக்குப் போய், 2030இல் வருடக் கடைசியிலும் ஒருமுறை வந்துவிடும். அதற்கடுத்த வருடங்களில் ஒற்றைப்படை செமஸ்டர் பிள்ளைகளின் முறை. அட்டவணை போடும்போது காலண்டரை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவல்லிக்கேணியில் படிக்கும் தம்பி, தங்கைகளே, என்னுடைய அனாலிசிஸ், அல்ஜீப்ரா நோட்டுகளின் நகலும் அக்கா கொடுத்த பழைய வினாத்தாள்களும் மெஸ் அண்ணன் கல்லாவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பையில் இருக்கின்றன. கணிதம் படிக்கிறேன் என்று சொன்னால் போதும், எடுத்துக் கொடுப்பார். ஜெராக்ஸ் எடுத்துவிட்டுப் பையைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

அன்போடும் துஆவோடும்,
2021–24 கணிதப் பிரிவு மாணவன், தொண்டி