வேலூருக்கு டிக்கெட் எடுத்தால் இறங்குவது காட்பாடியில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றிலும் நடக்கும் 2026 உலகக் கோப்பைக் கால்பந்து பற்றி முழுப் பக்கம் வந்திருந்தது. மெஸ்ஸி, ரொனால்டோ படங்கள் பெரிது பெரிதாக இருந்தன. கீழே ஓரத்தில் ஒரு சின்ன வரைபடம், அதில் ஆட்டம் நடக்கும் இடங்களுக்கு 16 புள்ளிகள், பக்கத்தில் பாஸ்டன், டல்லாஸ், சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க் என்று ஊர்ப் பெயர்கள் மட்டும். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் இந்த முறை ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கடிதம்.

நான் வேலூர் காந்தி ரோட்டில் ரயில், விமான டிக்கெட் எடுத்துத் தரும் கடை வைத்திருக்கிறேன். வைத்தியத்துக்கு வரும் வங்காளத்துக்காரர்களுக்கு ஊர் திரும்ப டிக்கெட் போடுவதுதான் முக்கால்வாசி வேலை. மிச்சம், மகன் மகளைப் பார்க்க நியூஜெர்சிக்கும் டல்லாஸுக்கும் கிளம்பும் சத்துவாச்சாரி, காந்தி நகர் பக்கத்துப் பெரியவர்கள். முதல் தடவை வருகிற கொல்கத்தாக்காரர் போன் செய்தால் நான் சொல்லும் முதல் பேச்சு, "தாதா (அவர்கள் பேச்சில் அண்ணா), வேலூருக்கு வரணும்னா காட்பாடியில இறங்குங்க" என்பதுதான். உங்கள் வரைபடத்தின் புள்ளிகளில் பாதியும் இப்படித்தான். பெயர் ஓர் ஊருக்கு, அரங்கம் வேறு ஊரில்.

பாஸ்டன் என்று நீங்கள் போட்டிருக்கும் அரங்கம் பாக்ஸ்பரோ என்ற சிற்றூரில் இருக்கிறது. பாஸ்டன் நகர மையத்திலிருந்து சுமார் 45 கி.மீ. சான் பிரான்சிஸ்கோ என்பது சான்டா கிளாரா. அது சான் ஹோசேக்குப் பக்கம், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஒரு மணி நேரப் பயணம், அதுவும் சாலை காலியாக இருந்தால். டல்லாஸ் அரங்கம் ஆர்லிங்டனில். அந்த ஊரில் நம் டவுன் பஸ் போல வழித்தடம் வைத்து ஓடும் பஸ்ஸே கிடையாது. போட்டிகள் அதிகம் நடப்பதோ அங்கேதான்: அரையிறுதி ஒன்று உட்பட ஒன்பது. இறுதிப் போட்டி நடக்கும் 'நியூயார்க்' அரங்கம் ஹட்சன் ஆற்றைத் தாண்டி, நியூஜெர்சியின் ஈஸ்ட் ரூதர்போர்டில் இருக்கிறது. இது எங்கள் ஊர்ப் பெற்றோருக்கு ஒருவிதத்தில் நல்ல செய்திதான், எடிசனிலோ ஜெர்சி சிட்டியிலோ மகன் இருந்தால் நியூயார்க்கில் அறை தேட வேண்டியதில்லை.

இன்னொரு குழப்பம் பெயரில். விளம்பர நிறுவனங்களின் பெயர் தாங்கிய அரங்குகளை, போட்டியை நடத்தும் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா, போட்டியின்போது அந்தப் பெயரில் அழைப்பதில்லை. டிக்கெட்டில் 'டல்லாஸ் ஸ்டேடியம்' என்று இருக்கும். ஊர்க்காரர்களுக்கு அது ஏடி அண்ட் டி ஸ்டேடியம். வழி கேட்கிறவர்கள் இரண்டு பெயரையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பேரணாம்பட்டு பாய் ஒருவர், தோல் வியாபாரம், கால்பந்து என்றால் உயிர். வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் டிக்கெட், ஓட்டல் சேர்த்து ஒரு பேக்கேஜ் வாங்கிவிட்டு, விமானத்துக்கு மட்டும் என்னிடம் வந்தார். தாளை வாங்கிப் பார்த்தேன். ஓட்டல் பாஸ்டன் நடுவில், ஆட்டம் பாக்ஸ்பரோவில். இடையில் எப்படிப் போவது, ஆட்டம் முடிந்து எப்படித் திரும்புவது என்று ஒரு வரி இல்லை. கேட்டால் "அங்கே டாக்ஸி கிடைக்கும் சார்" என்றார்களாம். அறுபதாயிரம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் வெளியே வரும்போது டாக்ஸி கிடைக்குமா? 2014 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்து என்ற வேறொரு விளையாட்டின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் இதே ஈஸ்ட் ரூதர்போர்ட் அரங்கத்தில் நடந்தது. கார் வேண்டாம், ரயிலில் வாருங்கள் என்று நடத்தியவர்களே அழைத்தார்கள். எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான கூட்டம் ரயிலுக்கு வந்துவிட, ரயில் மாறும் செகாகஸ் சந்திப்பில் ஜனம் திணறியது. ஆட்டம் முடிந்ததும், இப்போது வெளியே வராதீர்கள், உள்ளேயே இருங்கள் என்று அரங்கத்தில் அறிவிக்க வேண்டியதாயிற்று. தேர்த் திருவிழாக் கூட்டம் பார்த்த நமக்கு இதெல்லாம் புதிதில்லை, ஆனால் அறுபத்தைந்து வயதில் முட்டிவலியோடு நிற்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

எல்லா அரங்கமும் இப்படி என்று சொல்லவில்லை. அட்லான்டா, சியாட்டில், வான்கூவர் அரங்குகள் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன, ரயிலில் இறங்கி நடந்தே போய்விடலாம். பிலடெல்பியாவில் சுரங்க ரயில் அரங்கத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விடுகிறது. நியூஜெர்சியில் தங்குகிறவர்களுக்கு அது அக்கம்பக்கம்தான். பிரேசிலின் முதல் ஆட்டம் மொராக்கோவுடன் ஜூன் 13 அன்று ஈஸ்ட் ரூதர்போர்டில், அடுத்தது ஹைட்டியுடன் 19ஆம் தேதி பிலடெல்பியாவில். டல்லாஸ் பக்கம் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு அர்ஜென்டினா: ஆஸ்திரியாவுடன் 22, ஜோர்டானுடன் 27, இரண்டுமே ஆர்லிங்டனில். ஆக, பிள்ளை இருக்கிற ஊரில் என்ன ஆட்டம் என்று பார்த்து ஒன்றுக்குப் போய் வாருங்கள் என்பதே நான் சொல்வது. ஓர் அணியின் பின்னாலேயே ஓடுவது வேண்டாம். முதல் சுற்றில் ஒவ்வொரு அணியையும் கூடுமானவரை ஒரே வட்டாரத்தில் வைத்திருக்கிறார்கள். அப்புறம் தோற்றால் வெளியே என்ற நாக்-அவுட் சுற்று வந்துவிட்டால், எந்த ஊருக்குப் போவோம் என்பது ஜெயித்த அணிக்கே கடைசி நேரத்தில்தான் தெரியும். வான்கூவருக்கும் மயாமிக்கும் இடையே நேராகப் பறந்தாலும் 4,500 கி.மீ. அந்தக் கடைசி நேரத்தில் விமான டிக்கெட் என்ன விலை இருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

விசா விஷயத்தை உங்கள் பக்கம் தொடவே இல்லை. மூன்று நாடுகள், மூன்று சட்டம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் மெக்சிகோவுக்கு நம்மவர்களுக்குத் தனி விசா தேவையில்லை. கனடாவுக்கு அப்படி இல்லை, தனியாக எடுத்தே ஆகவேண்டும். "நயாகரா வரைக்கும் போறோம், அப்படியே எட்டிப் பார்த்த மாதிரி டொரன்டோவுல ஒரு மேட்ச்" என்று ஒரு சார் கேட்டார். அருவியின் இந்தக் கரை அமெரிக்கா, அந்தக் கரை கனடா, பாலத்தைத் தாண்டக் கையில் விசா வேண்டும் சார் என்றேன். ஆட்ட டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க விசா நேர்காணல் தேதி சீக்கிரம் கிடைக்க வழி செய்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் விசா தருவதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு, டிக்கெட் அதற்கு ஜாமீன் இல்லை.

பெரியவர்கள் கேட்காமல் விடும் சின்னச் சின்னக் கேள்விகளையும் நீங்கள் எழுதியிருக்கலாம். அந்த அரங்குகளுக்குள் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பைதான் கொண்டுபோகலாம், அதற்கும் அளவு உண்டு. துணிப்பையில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போனால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். டிக்கெட் கைபேசிச் செயலியில் வரும், தாளில் அச்சடித்துக்கொண்டு போனால் செல்லாது. இறுதிப் போட்டி ஜூலை நடுவில், பகல் மூன்று மணிக்கு, கூரை இல்லாத அரங்கத்தில். வெயில் ஆகாதவர்கள் டல்லாஸ், ஹூஸ்டன், அட்லான்டா பார்க்கலாம், அங்கே கூரையும் ஏசியும் உண்டு. பக்கத்தில் மின்னல் அடித்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். 2025 கிளப் உலகக் கோப்பையில் சார்லட் நகரில் பென்ஃபிகா - செல்சி ஆட்டம் இப்படி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நின்றது. ஆகவே ஆட்டம் முடிந்த அன்று இரவே விமானம் பிடிக்கிற மாதிரி நான் யாருக்கும் டிக்கெட் போடுவதில்லை, கோபித்துக்கொண்டாலும் சரி.

நன்றாகத் திட்டமிட்டால் எப்படி இருக்கும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்தபோது ஆறு ஊர்களில் சென்னை இல்லை. நமக்குப் பக்கம் கொச்சிதான். காட்பாடியில் ராத்திரி ஆலப்புழை எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் ஆலுவாவில் இறங்கி, அங்கேயே மெட்ரோ பிடித்தால் கலூர் அரங்கத்தின் வாசல். மெட்ரோ ஓட ஆரம்பித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, பெட்டியில் புது பெயின்ட் வாசம் போகவில்லை. பிரேசில், ஸ்பெயினை 2-1 என்று ஜெயித்தது. 2022இல் கத்தாரில் எட்டு அரங்குகள், மிகத் தூரமான இரண்டுக்கும் இடையே 75 கி.மீ.தான், ரசிகர்களுக்கு மெட்ரோ இலவசம். இந்த முறை 48 அணி, 104 ஆட்டம், மூன்று நாடு. பார்க்கப் போகிறவர் தலையில்தான் பாரம் முழுவதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். போகாதவர்கள்தானே உங்கள் வாசகர்களில் பெரும்பாலோர்? அவர்களுக்கு அட்டவணையை இந்திய நேரத்தில், இந்தியத் தேதியில் போடுங்கள். ஜூன் 11 தொடக்க ஆட்டம் என்று போட்டிருந்தீர்கள். மெக்சிகோ சிட்டியில் அன்று பகல் ஒரு மணி என்றால் இங்கே 12ஆம் தேதி அதிகாலை 12.30. இறுதிப் போட்டியும் அப்படியே, ஜூலை 20 திங்கள் அதிகாலை 12.30. எங்கள் தெரு லாட்ஜ்களில் தங்கியிருக்கும் வங்காளத்துக்காரர்கள், பாதிப்பேர் பிரேசில், பாதிப்பேர் அர்ஜென்டினா, இப்போதே ராத்திரியில் வரவேற்பறை டிவியைத் திறந்து வைப்பீர்களா என்று மேனேஜர்களைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அட்டவணை சரியாக வந்தால் வெட்டி என் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிடுகிறேன். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பயண டிக்கெட் முகவர் ஒருவர்,
காந்தி ரோடு, வேலூர்