தவறாததும் குற்றமற்றதும் ஒன்றல்ல: அகராதிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அகராதித் தொகுப்புக் குழுவினருக்கு,

வணக்கம். ஒருபோதும் தவறு செய்யாதவரையோ, செய்யாததையோ குறிக்கும் ‘infallible’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நீங்கள் தந்திருக்கும் பொருள் இது: ‘பிழையற்ற, குற்றமற்ற, மாசற்ற, தவறாத’. நான்கு சொற்கள், நடுவே மூன்று காற்புள்ளிகள், அவ்வளவுதான். எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்றுகூட இல்லை. இதுபற்றி மூன்று முறை எழுதிவிட்டேன். மறுபதிப்பும் வந்துவிட்டது. அந்தப் பதிவு அப்படியேதான் இருக்கிறது.

சென்ற மாதம் நடந்ததைச் சொல்கிறேன். நோயாளிகளுக்கான துண்டறிக்கை ஒன்றை எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பெண் மொழிபெயர்த்தார். தவறவே தவறாத பரிசோதனை என்று எதுவும் இல்லை, ஐயம் இருந்தால் மருத்துவரிடம் மறுபடி கேளுங்கள் என்பதே மூலத்தில் இருந்த செய்தி. அவர் உங்கள் அகராதியைப் பார்த்து இரண்டாவது சொல்லை எடுத்துக்கொண்டார். ‘எந்தப் பரிசோதனையும் குற்றமற்றதல்ல’ என்று எழுதிவிட்டார். மெய்ப்புப் பார்த்த என் கண்ணுக்கும் அது தப்பிவிட்டது. அச்சாகி வெளியே போன பிறகு ஓர் அம்மா தொலைபேசியில் கேட்டார்: “இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது குற்றமா ஐயா? மகளை அழைத்துப் போகலாமா, வேண்டாமா?”

அந்த அம்மாவுக்கு விளக்கிச் சொல்லிவிட்டேன். தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்துக் கேட்காமல், பயந்துபோய்ப் பேசாமல் இருந்துவிட்டவர்களுக்கு யார் சொல்வது?

நூலுக்குரிய பத்துக் குற்றங்களை நன்னூல் சொல்கிறதே, குற்றம் என்றால் குறைதானே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே அது சரி. இன்று செய்தித்தாள் படிப்பவருக்குக் குற்றம் என்றதும் நினைவுக்கு வருவது காவல் நிலையமும் நீதிமன்றமும்தான். மாசற்ற என்பது தூய்மையைச் சொல்வது. மனத்துக்கும் காற்றுக்கும் பொருந்தும், பரிசோதனைக்குப் பொருந்தாது.

பிழையற்ற, தவறாத என்ற இரண்டும் நெருங்கியவை. அதனாலேயே அவற்றைக் கவனமாகப் பிரிக்க வேண்டும். ‘பிழையற்ற கட்டுரை’ என்றால் இந்தக் கட்டுரையில் பிழை இல்லை என்றுதான் பொருள். எழுதியவர் நாளை பிழை விடலாம். ‘குறி தவறாத வில்லாளி’ என்பது அப்படியல்ல. தவறாத என்பது எதிர்மறைப் பெயரெச்சம். அது காலம் காட்டாது. நேற்று, இன்று, நாளை மூன்றையும் ஒருசேர அடக்கிக்கொள்ளும். பொய்யாமொழி, வாடாமலர் என்று ஈறு கெட்டு வரும்போதும் அப்படித்தான். ஒருபோதும் என்ற சொல்லைச் சேர்க்காமலே அந்தப் பொருளைத் தருகிற வடிவம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. உங்கள் பதிவில் அது கடைசியில் நிற்கிறது.

தவற முடியாத என்பது இன்னும் ஒரு படி மேலே. 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் போப்பாண்டவர் பற்றி வரையறுத்த கோட்பாட்டைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ‘வழுவா வரம்’ என்கிறார்கள். விசுவாசம், ஒழுக்கம் குறித்துத் திருச்சபை முழுவதற்கும் அதிகாரபூர்வமாக அவர் வரையறுத்துச் சொல்வதற்கு மட்டுமே அது பொருந்தும். எவ்வளவு கச்சிதமான சொல்! அதை உங்கள் அகராதியில் தேடினேன், இல்லை.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இது பெரிய வேலையா?

சொல் மழுங்கினால் எச்சரிக்கையும் மழுங்கிவிடுகிறது. இன்று கருவிகளையும் கணினி தரும் விடைகளையும் ‘பிழையற்றவை’ என்று விற்கிறார்கள். நேற்றைய சோதனையில் பிழை வரவில்லை என்கிறார்களா, இனி வரவே வராது என்கிறார்களா? கேட்டால் பதில் இல்லை. தலைவர்களைப் பற்றிய மலர்களைப் புரட்டினால் எல்லோரும் அப்பழுக்கற்றவர்கள். ‘அரியகற்று ஆசற்றார் கண்ணும் தெரியுங்கால் இன்மை அரிதே வெளிறு’ என்று வள்ளுவர் சொன்ன மொழி இது. அரிய நூல்களைக் கற்றுக் குறை நீங்கியவரிடமும் ஆராய்ந்து பார்த்தால் அறியாமை இல்லாமல் இருப்பது அரிது என்கிறார். இந்த மொழியில் இவ்வளவு தாராளமாக அந்தப் பட்டத்தை வழங்குவது எனக்குக் கோபமூட்டுகிறது.

மன்னியுங்கள், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன். பதிவைத் திருத்துவது உங்களுக்கு இழுக்கல்ல. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிக்கே 1939இல் பின்னிணைப்புத் தொகுதி தேவைப்பட்டது.

ஆகவே பணிவுடன் மறுபடியும் கேட்கிறேன். அடுத்த அச்சில் குற்றமற்ற, மாசற்ற இரண்டையும் அந்தப் பதிவிலிருந்து எடுத்துவிடுங்கள். தவறாத என்பதை முதலில் வையுங்கள். வழுவாத என்பதைச் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் கொடுங்கள். அந்தப் பக்கத்தின் மெய்ப்பை அனுப்பினால் ஊதியம் ஏதுமின்றி அன்றைக்கே பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அகராதியை நாள்தோறும் புரட்டும் ஒரு மெய்ப்புத் திருத்துநர்