கிளுவைப் போத்தும் தாடை எலும்பும்

அன்பு அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். பல் திருகின் நம்பர் இறங்கியதை உன்னிடம் மறைத்தது தப்புதான். அம்மா வாயிலிருந்து வந்து நீ கேட்க வேண்டியதாகிவிட்டது. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய், அதனால் முழுசாக எழுதுகிறேன்.

செயற்கைப் பல்லைத் தாங்கக் கீழ்த்தாடையில் டைட்டானியம் திருகு வைத்த அன்று, அது எவ்வளவு உறுதியாகப் பிடித்திருக்கிறது என்று காட்டும் நம்பர் 70. நாலாவது வாரம் 63. எனக்கும் பகீரென்றது. "ஏனுங்க டாக்டர், சர்க்கரை இருக்கறதால எலும்பு பிடிக்கலீங்களா?" என்று கேட்டேன். இந்தச் சமயத்தில் கொஞ்சம் இறங்குவது வழக்கம்தான், பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

நம் கொறங்காட்டு வேலிக்குக் கிளுவைக் கிளையை வெட்டிப் போத்தாக நட்டது ஞாபகம் இருக்கிறதா? நீ பிடித்துக்கொள்வாய், நான் மண்ணைத் தள்ளிக் கடப்பாரையால் இடித்து இறுக்குவேன். அன்றைக்கு ஆடாது. அது மண்ணின் பிடி. மழையில் மண் இளகியதும் லேசாக ஆடும், வேர் இன்னும் போதாது. அந்த நேரத்தில் ஆடு வந்து உரசினால் போச்சு. தாடையிலும் அதே கதைதான். முதலில் பிடிப்பது பழைய எலும்பின் இறுக்கம். திருகை ஒட்டி நசுங்கிய எலும்பை உடம்பு கரைத்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறது. அந்த இடைவெளியில்தான் நம்பர் இறங்குகிறது.

நீ மறுநாளே போத்தைப் பிடுங்கிப் பார்ப்பாய், வேர் விட்டதா என்று. பிடுங்காமலே பார்க்கிற வழிதான் டாக்டர் அந்த நம்பரை அளக்கிற கருவி. திருகின் மேல் ஒரு சின்ன ஆணியை முடுக்குகிறார்கள், உச்சியில் காந்தம். கருவியைத் தொடாமல் கிட்டே காட்டினால் காந்தத் துடிப்பில் ஆணி அதிர்கிறது. எலும்பு இறுகப் பிடித்திருந்தால் அதிர்வும் வேகமாக இருக்கும். அதை 1 முதல் 100 வரை ஓர் எண்ணாகக் காட்டுகிறது. வலியே இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், பிடிப்பின் உறுதி தெரியாது. உன் சித்தப்பாவுக்கு வெறுமனே தட்டிப் பார்த்து, நல்ல சத்தம் வருகிறது என்று சீக்கிரமே பல்லை மாட்டினார்கள். நாலு மாதத்தில் ஆடிப்போயிற்று. அந்தப் பயத்தில்தான் அளந்து பார்க்கும் இடமாகத் தேடிக் கோயமுத்தூர் போனேன்.

இந்த டைட்டானியம் எலும்போடு ஒட்டும் என்பதைக் கண்டுகொண்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த பிரோனேமார்க். 1950களில் முயலின் கால் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் போனால் வரவே இல்லையாம். 1965இல் முதல் மனிதருக்கு வைத்தார். டாக்டர் சொல்லக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று பத்தாவது வாரம், 72. ஒரே ஒரு நம்பரைப் பார்த்துப் பயப்படக்கூடாது, இறங்கியது திரும்ப ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும் என்றார். சர்க்கரை இருப்பதால் பல் மாட்ட இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அந்தப் பக்கம் மெல்லுவதே இல்லை. இரண்டு வேளையும் குழைந்த அரிசிம்பருப்புதான், கடலைக்காய்ப் பக்கம் போவதில்லை.

லீவு போட்டு ஓடி வராதே கண்ணு. நோம்பிக்கு வந்தால் போதும். அடுத்த தடவை அளக்க நீயே என்னைக் கூட்டிப் போ, பக்கத்தில் நின்று நம்பரைப் பார்.

அப்பா
காங்கேயம்