நிரல் நிற்குமா, நிற்காதா?

ஆசிரியருக்கு,

கணினியால் முடியாததை மனித மனம் செய்யும், தர்க்கவியலாளர் கோடலின் தேற்றமே அதற்குச் சான்று என்கிறது தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை. தேற்றம் அப்படிச் சொல்லவில்லை. எண்கணிதத்துக்கான விதிகளின் அமைப்பு முரண் இல்லாததாக இருந்தால், அதனால் நிறுவ முடியாத உண்மைக் கூற்று ஒன்று இருக்கும் என்பதே அது. முதலில் கணினியின் வரம்பைப் பார்ப்போம்.

எந்தக் கணினி நிரலைக் (program) கொடுத்தாலும் அது ஓடி முடியுமா, முடியாமலே சுற்றுமா என்று தவறாமல் சொல்லும் நிரல் இருக்க முடியாது என 1936-இல் கணிதவியலாளர் ஆலன் டூரிங் காட்டினார். அப்படியொரு சோதிப்பான் இருப்பதாகக் கொள்வோம். அதை உள்ளடக்கி இன்னொரு நிரல் எழுதுங்கள்: வந்த நிரலுக்கு அதன் வரிகளையே உள்ளீடாகக் கொடுத்தால் நிற்குமா என்று சோதிப்பானைக் கேட்கும்; 'நிற்கும்' என்றால் ஓயாமல் சுற்றும், 'நிற்காது' என்றால் உடனே நின்றுவிடும். இதற்கு இதன் வரிகளையே கொடுத்தால் சோதிப்பான் எதைச் சொன்னாலும் பொய். மாணவர்கள் வழுக்குவது இங்கேதான். தனியொரு நிரலைப் பற்றிச் சொல்ல முடியாது என்பதல்ல, எல்லா நிரலுக்கும் பொதுவான ஒரே முறை கிடையாது என்பதே விஷயம்.

மனிதரிடம் அந்தப் பொதுமுறை உண்டா? 4, 6, 8 என இரட்டை எண்களை வரிசையாக எடுத்து, இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுத முடியாத எண் சிக்கினால் நிற்கும்படி பைத்தான் என்ற கணினி மொழியில் பதினைந்து வரிக்குள் எழுதிவிடலாம். 100 வந்தால் 3+97 என்று கடந்துபோகும். அது என்றாவது நிற்குமா? 1742-இல் கணிதவியலாளர் கோல்ட்பாக் இன்னொரு கணிதவியலாளரான ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கிய கேள்வி இது. இன்றுவரை எந்த மூளைக்கும் விடை தெரியாது.

கோடலின் 1931 தேற்றத்தை மனத்துக்குச் சாதகமாக வாதாடியவர்கள் தத்துவவாதி லூகாஸும் (1961) இயற்பியலாளர் பென்ரோஸும் (1989). அமைப்பால் நிறுவ முடியாத கூற்று உண்மையென்று நமக்குத் தெரிகிறதே என்பது வாதம். ஆனால் அமைப்பில் முரண் இல்லாவிட்டால்தான் அது உண்மை. 'முரண் இல்லையெனில் இது உண்மை' என்பதை அந்த அமைப்பே நிறுவிவிடும். முரண் இல்லை என்பதற்கு நம்மிடம் உறுதி ஏது? கட்டுரை இதைத் தொடவே இல்லை.

குளச்சல் மீனவர்கள் கருவியின்றிக் கடலடிப் பாறைத்திட்டான 'பார்' இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதையும் உதாரணம் காட்டியிருக்கிறார்கள். அருமையான திறமைதான், ஆனால் எடுத்துக்காட்டு எதிர்ப்பக்கம் சாய்கிறது. படகிலிருந்து பார்க்கும்போது கரையிலுள்ள கோபுரமும் பின்னாலுள்ள மலையும் ஒரு நேர்கோட்டில் வரவேண்டும். வேறு திசையில் இன்னொரு ஜோடியும் அப்படியே வரவேண்டும். இரு கோடுகளும் வெட்டும் இடமே பார். இது சுத்தமான கணக்கு. நீவாடு (கடல் நீரோட்டம்) பார்த்து வலைவிடுவது கணினிக்குக் கடினம்தான். அந்த அளவீடுகள் அதனிடம் இல்லாததே காரணம், டூரிங் காட்டிய தடையல்ல.

— கணித ஆசிரியர், தக்கலை