பரோசா போகுமுன் சப்பாத்தைக் கழுவுங்கள்

ஆசிரியருக்கு,

ஆண்டிறுதி விடுமுறைக்கு ஆஸ்திரேலியா போகிறவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட பயணக் கட்டுரையில், ஒயின் திராட்சை விளையும் பரோசா பள்ளத்தாக்கு ஒரே பத்தியில் முடிந்துவிட்டது. ஒயின் ருசிக்கலாம், கொடிகளுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. அந்தக் கடைசி யோசனைதான் என்னை எழுத வைத்தது.

பில்லாக்செரா என்று ஒரு பூச்சி. கண்ணுக்கு லேசில் தெரியாது. திராட்சையின் வேரில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். 1860களில் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்குள் நுழைந்து தோட்டம் தோட்டமாக அழித்தது. மருந்தடித்து ஒழிக்க முடியாததால், இன்று ஐரோப்பாவில் பெரும்பாலான கொடிகளை, இந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டித்தான் வளர்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1877ல் விக்டோரியா மாநிலத்தின் ஜீலோங் அருகே தென்பட்டது. பரோசா இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியாவில் 1899லேயே இதற்கென்று சட்டம் போட்டார்கள். இன்றுவரை அங்கே அது நுழையவில்லை.

அதனால்தான் 1843ல் நட்ட ஷிராஸ் என்ற கறுப்புத் திராட்சைக் கொடிகள் அங்கே இன்னும் சொந்த வேரில் நின்று காய்க்கின்றன. இதற்குப் பின்னால் குடும்பங்களின் பிடிவாதமும் இருக்கிறது. 1980களில் பழைய கொடிகளைப் பிடுங்கினால் பணம் தருவதாக அரசே சொன்னது. எத்தனையோ தோட்டங்கள் போயின. சிலர் மட்டும் மறுத்துவிட்டார்கள். பக்கத்து ஈடன் பள்ளத்தாக்கில் ஹென்ஷ்கி குடும்பம் 1868லிருந்து ஒயின் செய்கிறது. அவர்களுடைய ஹில் ஆஃப் கிரேஸ் தோட்டத்தில் 1860 வாக்கில் வைத்த கொடிகள் உண்டு. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ப்ரூ ஹென்ஷ்கி அவற்றில் நல்லவையாகப் பார்த்துக் குச்சி வெட்டி, நாற்றங்காலில் வளர்த்து, அதே வம்சத்தைத் தொடர வைக்கிறார். பலன் காண வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய வேலை இது. அடுத்த தலைமுறை இந்த மண்ணிலேயே இருக்கும் என்று நம்புகிறவர்தான் இதைச் செய்வார். 1849ல் சாமுவேல் ஸ்மித் தொடங்கிய யாலும்பா ஒயின் நிறுவனமும் இன்னும் அவருடைய குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. பீப்பாய்களைக்கூடத் தங்கள் பட்டறையிலேயே செய்கிறார்கள்.

சரி, நமக்கும் இதற்கும் என்ன? நம்மில் பலர் முதலில் மெல்பர்ன் போய், அங்கே யாரா பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துவிட்டு, அப்புறம் பரோசாவுக்குப் பக்கத்து நகரமான அடிலெய்ட் போகிறோம். யாராவில் 2006ல் இந்தப் பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. அது சப்பாத்தில் ஒட்டிய மண்ணோடும் கார் டயரோடும் பயணம் செய்யும். அதே சப்பாத்தோடு பரோசா கொடிகளுக்கு நடுவே பிள்ளைகளை நிற்க வைத்துப் படம் எடுத்தால் என்ன ஆகும்? ஒட்டுக் கட்டாத அந்தக் கொடிகளுக்கு எதிர்ப்புச் சக்தியே கிடையாது.

வீட்டில் யாரும் மது தொடாதவர்களாக இருந்தாலும் அந்தக் கொடிகளைப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். உள்ளே அழைத்தால், சப்பாத்தைக் கிருமிநாசினியில் நனைக்கச் சொல்வார்கள். முகம் சுளிக்காமல் செய்யுங்கள். இனி இப்படிப்பட்ட கட்டுரைகளை வெளியிடும்போது இதையும் ஒரு வரி சேர்த்துவிடும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

- வாசகி, ஈசூன்